பாசிமணிக்கு ஒரு பாலன்ஸ் ஷீட்!

'மணி' என்று சொன்னதும் ஆபீஸ் போகிறவனுக்கு என்ன ஞாபகம் வரும்? சுவர்க் கடிகாரம். அஞ்சரை எப்போ அடிக்கும் என்கிற ஏக்கம். என்னை மாதிரி காமர்ஸ் படித்தவனுக்கு இங்கிலீஷ் 'மணி' ஞாபகம் வரும். அது மாதத்தில் முதல் பத்து நாள் பர்ஸில் இருக்கும். மீதி இருபது நாள் ஞாபகத்தில் மட்டும் இருக்கும்.

நான் பேச வந்தது மூன்றாவது மணி. நடுவில் ஓட்டை போட்டது. நூலில் கோத்தால் கழுத்தில் உட்காருவது. பாசிமணி!

"யோவ், பெண்கள் பக்கத்துக்குப் போக வேண்டிய மேட்டர் அட்ரஸ் மாறி இங்கே வந்துடுச்சா?" என்று நீங்கள் முறைப்பது தெரிகிறது. மாறவில்லை சார். உங்களுக்குத்தான். கல்யாணம் ஆனவர், நிச்சயமானவர், 'இன்னும் சொல்லலை, சொல்லணும்' என்று ஆறு மாதமாக அதே பஸ்ஸில் போய் வருகிறவர், அக்கா பெண்ணுக்குப் பிறந்த நாள் பரிசு வாங்க வேண்டிய தாய்மாமன்... எல்லாருக்கும்தான்.

தங்கம் விற்கிற விலையில் நகைக்கடை வாசலில் செருப்பைக் கழற்றவே பயமாக இருக்கிறது. கண்ணாடி மணியில் ஒரு அழகான சரம் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். சாப்பாட்டுக்கும் சாயங்கால காபிக்கும் நடுவில் உள்ள நேரம். அந்த நேரத்தில் நாம் வேறு என்ன சாதித்துவிடப் போகிறோம்? டி.வி. முன்னால் வாயைத் திறந்துகொண்டு தூங்குவோம். அவ்வளவுதானே?

இதில் இன்னொரு லாபமும் உண்டு. அது கடைசியில் வரும் கணக்கில் இருக்கிறது. முதலில் வேலையைப் பார்ப்போம்.

கடையில் என்ன கேட்பது?

சென்னைக்காரர் என்றால் பாரிமுனை, சவுகார்பேட்டை சந்துகளில் நுழைந்தால் மணிக்கடைகள் கிடைக்கும். மற்ற ஊர்களில் கடைவீதி ஃபேன்ஸி ஸ்டோரிலேயே தாராளமாகக் கிடைக்கிறது. கூச்சம் வேண்டாம். கடைக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். "யாருக்கு சார்?" என்பார். "வீட்டுக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த கேள்வி, "என்ன சைஸ்?" இங்கேதான் நம்மவர்கள் முழிப்பார்கள். மணி சைஸை மில்லிமீட்டரில் சொல்வார்கள். 4 மி.மீ. என்றால் ஏறக்குறைய மிளகு. 6 என்றால் சின்னப் பட்டாணி. 8 என்றால் கொண்டைக்கடலை. முதல் முறை கோப்பவருக்கு 6 அல்லது 8. அதற்கும் கீழே, கடுகு சைஸில் பொடி மணிகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கண், பொறுமை, பெருந்தன்மை மூன்றும் வேண்டும். இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கண்ணாடியா, பிளாஸ்டிக்கா? பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி பளபளக்கும். கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணாடி சில்லென்று இருக்கும், கொஞ்சம் கனக்கும். பிளாஸ்டிக் லேசாக இருக்கும், தொட்டால் குளிர்ச்சி தெரியாது. பல மலிவு பிளாஸ்டிக் மணிகளில் அச்சில் வார்த்த கோடு இடுப்பில் பெல்ட் போட்ட மாதிரி ஓடும். பிளாஸ்டிக் மோசம் என்று சொல்லவில்லை. கண்ணாடி விலைக்குப் பிளாஸ்டிக் வாங்காதீர்கள் என்கிறேன்.

இன்னும் இரண்டு சோதனை. கைக்குட்டை நுனியை ஈரம் செய்து மணியைத் தேயுங்கள். சாயம் ஒட்டினால் வேண்டாம். நாளைக்கு வியர்வையில் அந்தக் கலர் ரவிக்கைக்குப் போகும். அப்புறம் ஓட்டை. ஓட்டையின் விளிம்பு கூராக இருந்தால் அது மணி இல்லை, பிளேடு. உள்ளே ஒரு நூலை விட்டு நாலு தடவை இழுத்துப் பாருங்கள். நூல் பிசிறு தட்டினால் அடுத்த சரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

மற்றபடி வாங்க வேண்டியவை: மணி கோக்கிற நைலான் பூசிய மெல்லிய எஃகுக் கம்பி (கடையில் 'டைகர் டெயில்' என்பார்கள். புலி வால் என்று பயப்படாதீர்கள், பிடித்தால் விடலாம்), ஒரு கொக்கி, கொக்கி மாட்ட ஒரு வளையம், 'கிரிம்ப்' என்கிற பொடி உலோகக் குழல் நாலு. தேவை என்னவோ இரண்டுதான். ஆனால், ஒன்று உருண்டு பீரோ அடியில் போகும், இன்னொன்று எங்கே போனது என்றே தெரியாது. வீட்டில் மூக்குக் குறடு இருக்கிறதா என்று பாருங்கள். ஃப்யூஸ் போடுகிற வீட்டில் கட்டாயம் இருக்கும்.

எத்தனை மணி?

இது நம்ம ஏரியா. கணக்கு.

கழுத்தை ஒட்டி நிற்க 16 அங்குலம். காறை எலும்புக்கு மேல் அழகாக உட்கார 18. இன்னும் இறங்கி வர 20 முதல் 24. 28 அங்குலம் என்றால் தலை வழியாகவே மாட்டிக்கொள்ளலாம், கொக்கியே வேண்டாம். வீட்டுக்காரிக்கு என்றால் அவர் போடுகிற செயின் ஒன்றை மேஜையில் நீட்டி ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். இன்னும் 'சொல்லாத' கேஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 18. கூட இரண்டு அங்குலம் நீட்டிக்கொள்கிற மாதிரி சின்னச் சங்கிலி ஒன்று சேர்த்துவிடுங்கள். கழுத்தளவு கேட்கப் போய்க் கன்னத்தில் வாங்க வேண்டாம்.

18 அங்குலம் என்பது 457 மி.மீ. கொக்கிக்கும் வளையத்துக்கும் 20 மி.மீ. கழியுங்கள். மிச்சம் 437. இதை மணி சைஸால் வகுத்தால் போச்சு. 8 மி.மீ. மணி 54. 6 மி.மீ. மணி 73 (இப்பக்கம் 36, அப்பக்கம் 36, நடுவில் ராஜா மாதிரி ஒன்று). 4 மி.மீ. என்றால் 109. ஜபமாலையில் வருகிற அதே 108-ம் ஒன்றும்! தற்செயல்தான். ஆனாலும் மாமியாரிடம் சொல்லி வைத்தால் மரியாதை கூடும்.

கணக்குக்கு மேல் பத்து மணி சேர்த்து வாங்குங்கள். அடுத்த வாரம் போய் 'அதே கலர்' கேட்டால் கிடைக்கும். ஆனால், அது அதே கலராக இருக்காது.

உட்காருங்கள், கோக்கலாம்

முதலில் ஒரு தாம்பாளம். அதன் மேல் ஒரு துருக்கி டவல். வெறும் தாம்பாளத்தில் மணியைக் கொட்டினால் 73-ம் 73 திசையில் போகும். டவல் என்றால் கொட்டின இடத்தில் கிடக்கும். மின்விசிறியை நிறுத்த வேண்டியதில்லை. மணி பறக்காது. குழந்தை இருந்தால் மட்டும் கதவைச் சாத்துங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட வாண்டுகளுக்கு மணி என்பது மிட்டாய். தொண்டையில் சிக்கினால் விபரீதம்.

கோப்பதற்கு முன் டவல் மேல் மணிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போக வேண்டும். பெரியது நடுவில், சின்னது கழுத்துக்குப் பின்னால். கலருக்கு ஒரு விதி: இரண்டு கலர் போதும். அதிகம் போனால் மூன்று. ஒரு பக்கெட்டில் இருக்கிற எல்லாக் கலரையும் போட்டால் அது மாலை இல்லை, லாரி பம்பர்.

கம்பியை 24 அங்குலத்துக்கு வெட்டுங்கள். மாலையைவிட 6 அங்குலம் கூட. இந்த இடத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. முனையில் பிடித்து வேலை செய்ய விரலுக்கு இடம் வேண்டும்.

ஒரு முனையில் கிரிம்ப் ஒன்றைக் கோருங்கள். அப்புறம் கொக்கி. கம்பியை வளைத்து அதே கிரிம்ப் வழியாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். கொக்கியைச் சுற்றிச் சின்னக் காது மாதிரி ஒரு வளையம் வரும். குறடால் கிரிம்பை நன்றாக நசுக்குங்கள். இழுத்துப் பாருங்கள். இன்னும் பலமாக இழுத்துப் பாருங்கள். வரவில்லையா? பாஸ்.

இனி மணிகளைக் கோத்துக்கொண்டே போக வேண்டியதுதான். முதல் மூன்று மணிகளுக்குள் அந்த மிச்ச வாலையும் சேர்த்து விட்டுவிடுங்கள். வால் மறையும், பலமும் கூடும். பத்து மணிக்கு ஒரு தடவை தூக்கிப் பிடித்துப் பாருங்கள். எழுபதாவது மணியில் வந்து, 'ஐயோ, பன்னிரண்டாவது மணி கலர் மாறிப்போச்சே' என்று கண்டுபிடித்தால், ட்ரையல் பாலன்ஸில் பத்து பைசா இடிக்கிற துக்கம் வரும்.

கடைசி மணியும் ஏறியாச்சு. இப்போது இன்னொரு கிரிம்ப், அப்புறம் வளையம், கம்பியைத் திருப்பிக் கிரிம்ப் வழியாக, கடைசி மூன்று மணி வழியாக உள்ளே. நசுக்குவதற்கு முன் ஒரு நிமிஷம்! மாலையைக் கழுத்தில் கிடக்கிற மாதிரி வளைத்துப் பிடியுங்கள். நேராக நீட்டி வைத்துக்கொண்டு இழுத்து நசுக்கினால், கழுத்தில் போட்டதும் மாலை வளையாமல் விறைத்துக்கொண்டு நிற்கும். புது ஹெட்கிளார்க் மாதிரி. மணிகள் புரண்டு கொடுக்க ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நசுக்குங்கள். மிச்சக் கம்பியை ஒட்ட வெட்டுங்கள். முடிந்தது.

குறடு, கிரிம்ப் எல்லாம் வேண்டாம் என்றால் இன்னொரு வழி. தூண்டில் போடுகிற நைலான் நரம்பு. கொக்கியில் முடிச்சுப் போட வேண்டும். சாதா முடிச்சு போட்டால் நைலான் வழுக்கிக்கொண்டு அவிழும். முதல் சுற்றில் ஒரு தடவைக்குப் பதில் இரண்டு தடவை முறுக்கி இறுக்குங்கள். அதன் மேல் இன்னொரு முடிச்சு. ஆபரேஷனில் டாக்டர்கள் தையல் போடுகிற முடிச்சு இதே வகைதான். முடிச்சின் மேல் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்துக் காய விடுங்கள்.

முத்து என்றால் பட்டு நூல்தான். ஒவ்வொரு முத்துக்கும் நடுவில் ஒரு முடிச்சு. நூல் இரண்டு மடங்குக்கு மேல் பிடிக்கும், நேரம் நாலு மடங்கு பிடிக்கும். ஆனால், முத்தோடு முத்து உரசித் தேயாது. அறுந்தாலும் ஒன்றுதான் விழும், மற்றது முடிச்சில் நிற்கும்.

முனையைப் பாருப்பா!

எங்கள் பெரியம்மா ஒருத்தர் இருக்கிறார். குடும்பத்தில் யார் வீட்டு மாலை அறுந்தாலும் ஒரு டப்பாவில் போட்டு அவரிடம்தான் வரும். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, டப்பாவைத் திறந்ததும் முதலில் அவர் மணியைப் பார்ப்பதில்லை. அறுந்த நூலைத்தான் எடுத்துப் பார்ப்பார்.

"மணிக்கு என்னப்பா, அது அஞ்சு தலைமுறைக்கு இருக்கும். அறுந்தது எங்கேன்னு பாரு. கொக்கிகிட்டதான் இருக்கும். எல்லாரும் நடுவுல என்ன மணி போடறதுன்னு நாள் பூரா யோசிப்பாங்க. முனையில அவசரப்படுவாங்க."

என் நண்பர் ஒருத்தர் இன்ஷூரன்ஸில் இருக்கிறார். ஊரில் உள்ள எல்லார் உயிருக்கும் பாலிசி போடுவார். சொந்தத் தங்கைக்கு அவர் ஆசையாகக் கோத்துத் தந்த மாலைக்கு மட்டும் ஒற்றை முடிச்சு! ஒரு கல்யாணத்தில், சரியாகத் தாலி கட்டுகிற நேரத்தில் அறுந்தது. எல்லாரும் அட்சதை போட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். நாதஸ்வரக்காரர் காலடியில் நாலு, வாழைமரத்தடியில் ஏழு. வீடியோவில் எல்லாம் இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் கல்யாண வீடியோவைப் போடும்போதெல்லாம் அந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை ஓட்டிப் பார்க்கிறார்களாம்.

மாலையின் ஆயுள் நடுவில் இல்லை. இரண்டு முனையில்.

ஆம்பளை வேலையா இது?

இன்னும் கூச்சம் போகவில்லை என்றால் கொஞ்சம் சரித்திரம்.

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் என்று ஒரு கிராமம். அங்கே தோண்டியபோது கல்மணிகள் கிடைத்தன. மெருகு போட்டது, போடாதது, ஓட்டை போட்டது, போடாதது என்று பாதி வேலையில் நின்ற மணிகளும் சேர்ந்து கிடைத்தன. அதாவது, ஒரு பட்டறையே! இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஃபாக்டரி.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு. 1945-ல் மார்டிமர் வீலர் அங்கே தோண்டினார். ரோம் நாட்டோடு நடந்த வியாபாரம்தான் அப்போது பெரிய செய்தி. ஆனால், அதே மண்ணில் பொடிப் பொடியாகக் கண்ணாடி மணிகள். காய்ச்சிய கண்ணாடியை உள்ளே காற்றோடு நீளக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக வெட்டி, திரும்பச் சூடு காட்டிக் கூர் மழுக்கிச் செய்தவை. இந்த வகை மணிகள் ஆப்பிரிக்கா முதல் கொரியா வரை கிடைக்கின்றன. 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயர். பாஸ்போர்ட், விசா இல்லாமல் போயிருக்கின்றன! திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் நடுவில் பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரில், இருபதாம் நூற்றாண்டிலும் ஏறக்குறைய இதே முறையில் மணி இழுத்ததை ஆராய்ச்சியாளர்கள் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

கீழடியில் 2023-ல் திறந்த அருங்காட்சியகத்துக்குப் போனால் மணிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கலாம். அதில் சூதுபவழம் என்கிற சிவப்புக் கல் மணியை நன்றாகப் பாருங்கள். அந்தக் கல் நம்ம பக்கத்துக் கல் இல்லை. குஜராத் பக்கத்திலிருந்து வரும் வகை. எங்கோ வெட்டி எடுத்து, யாரோ சுமந்துவந்து, வைகைக் கரையில் ஒருத்தர் கழுத்தில் போட்டிருக்கிறார்.

உலையில் கண்ணாடி காய்ச்சவும், கல்லைத் துளைக்கவும், கப்பலில் ஏற்றவும் ஆண்கள் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. வடக்கே 'பட்வா' என்று ஒரு சமூகமே இருக்கிறது. பட்டு நூலில் நகை கோப்பது அவர்களுக்குப் பரம்பரைத் தொழில். ஆகவே, மீசையை முறுக்கிக்கொண்டே கோக்கலாம்.

இப்போ பாலன்ஸ் ஷீட்!

கறாரான காமர்ஸ்காரர்கள் இதைக் 'காஸ்ட் ஷீட்' என்று சொல்ல வேண்டும் என்பார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். கீழே உள்ளது உதாரணக் கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

கண்ணாடி மணி 90 ரூபாய். கம்பி 15. கொக்கி, வளையம், கிரிம்ப் 15. கடைக்குப் போய்வர பஸ் 30. ஆக மொத்தம் 150.

"அட, நூற்றைம்பதுக்கு ஒரு நெக்லஸா!" என்று துள்ளாதீர்கள். முக்கியமான ஐட்டம் ஒன்று விட்டுப்போச்சு. கூலி!

மாதச் சம்பளம் 26,000 என்று வைத்துக்கொள்வோம். 26 நாள் வேலை. ஒரு நாளைக்கு 1,000. எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 125 ரூபாய். முதல் மாலை கோக்க இரண்டு மணி நேரம். கூலி 250. இப்போது கூட்டுங்கள். 400 ரூபாய்! செலவில் பாதிக்கு மேல் கூலிதான்.

இந்தக் கணக்கை நான் நோட்டில் போட்டு வைத்திருந்தபோதுதான் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாவைப் பார்த்தேன். நரிக்குறவர். தார்ப்பாயை விரித்து, முன்னால் மணிச்சரங்கள். பக்கத்தில் தூங்குகிற குழந்தை. கை பாட்டுக்குக் கோத்துக்கொண்டிருந்தது, கண் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கையைப் பார்க்கவே இல்லை! ஊசி போகிறது, ஐந்தாறு மணி ஒன்றாக ஏறுகிறது, விரலால் ஒரு தள்ளு. நாம் குறடும் டவலுமாக இரண்டு மணி நேரம் தவம் செய்கிற வேலை.

சினிமாவில் இவர்களை எத்தனை வருஷம் காமெடிக்கு மட்டும் வைத்திருந்தோம்! பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அவர்கள் எத்தனையோ வருஷம் கேட்டு, அதற்கான சட்டத்திருத்தம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

என்னோடு வந்திருந்த நண்பர் பேங்க் ஆபீஸர். கறுப்பும் சிவப்புமாக ஒரு சரத்தை எடுத்தார்.

"எவ்வளவும்மா?"

"நூறு ரூபா சார்."

"நூறா? அறுபதுக்குக் குடு."

"கட்டாது சார். முனையெல்லாம் இழுத்துப் பாருங்க. கண்ணாடி மணி சார், பிளாஸ்டிக் இல்ல."

"அறுபதுன்னா எடுத்துக்கறேன். இல்லேன்னா வெச்சுக்கோ."

நண்பரைக் கொஞ்சம் தள்ளி அழைத்துக்கொண்டு போனேன். பஸ் டிக்கெட் பின்பக்கத்தில் கணக்கைப் போட்டுக் காட்டினேன்.

"சார், நீங்க லோன் குடுக்கறவர். உங்களுக்கே கணக்கு சொல்லக் கூடாது. மணி விலை அவங்க வாங்கின இடத்துல ஏற்கெனவே குடுத்தாச்சு. நூல் விலை குடுத்தாச்சு. இங்கே வந்து உட்கார பஸ் காசு குடுத்தாச்சு. நீங்க இப்போ நாற்பது ரூபாய் குறைச்சா, அது எதுல குறையும்? மணிக்கடைக்காரர் திருப்பித் தருவாரா? கண்டக்டர் தருவாரா?"

நண்பர் டிக்கெட்டைப் பார்த்தார். ஆபீஸர் மூளை. உடனே புரிந்துவிட்டது.

"கூலியில குறையும்."

"முழுக்கக் கூலியில மட்டும்தான் குறையும்."

அவர் ஒன்றும் பேசவில்லை. பெரிய கடைகளில் ஸ்டிக்கரில் என்ன விலை போட்டிருக்கிறதோ அதை வாயைத் திறக்காமல் கொடுத்துவிட்டு, பைக்கும் தனியாகக் காசு கொடுத்துவிட்டு வருகிறவர்கள்தானே நாம்? பேரம் பேசுகிற தைரியமெல்லாம் தார்ப்பாய் முன்னால்தான் வருகிறது. நூறு ரூபாயை நீட்டினார். சரத்தை வாங்குவதற்கு முன் கொக்கிப் பக்கத்தை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். அந்த அம்மா சிரித்தார்.

"அறுந்தா எடுத்துட்டு வாங்க சார். கோத்துத் தரேன். காசு வேணாம்."

எந்த ஷோரூமில் இந்த வாரண்டி தருகிறான், சொல்லுங்கள்!

நான் சொல்ல வந்த லாபம் இதுதான். ஒரே ஒரு மாலையை நீங்களே கோத்துப் பாருங்கள். விரல் நுனி மரத்து, கழுத்துப் பின்னால் வலி எடுத்து, எழுபத்து மூன்றாவது மணி ஏறும்போது ஒரு விஷயம் தானாகப் புரியும். கடையில் நாம் விலை கேட்கிறபோது மணியின் விலையைத்தான் கேட்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். எதிரே இருப்பவர் விற்பது மணியை இல்லை, மணி நேரத்தை. மணிதான் கண்ணுக்குத் தெரிகிறது, நேரம் தெரிவதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் உட்காரச் சொன்னால் 'ஓ.டி. உண்டா சார்?' என்று மேனேஜரைக் கேட்கிற நமக்கு இது புரியாமல் போகுமா என்ன?

போகிற போக்கில் சில எச்சரிக்கைகள்

கிராமத்திலிருந்து குன்றிமணி கொண்டுவந்து கோக்கலாம் என்று ஆசை வரும். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்து, பார்க்க அவ்வளவு அழகு. வேண்டாம். அதன் பருப்பில் இருப்பது கொடிய விஷம். ஓட்டை போட்டால் தோல் உடையும், தூள் பறக்கும். குழந்தை கடித்தால் உயிருக்கே ஆபத்து. சிவப்பு விதைதான் வேண்டும் என்றால் மஞ்சாடி இருக்கிறது. முழுச் சிவப்பு, பொட்டு இல்லை.

முத்து மாலை போடுகிறவர் சென்ட், பவுடர் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் மாலையைப் போட வேண்டும். முத்தின் மினுமினுப்புக்கு சென்ட் ஆகாது. கழற்றியதும் மெல்லிய துணியால் ஒரு துடை. ஆணியில் தொங்கவிடாமல் டப்பாவில் படுக்க வையுங்கள். தொங்கினால் பட்டு நூல் நீண்டுபோகும்.

குளிக்கும்போது கழற்றச் சொல்லுங்கள். அறிவுரையாகச் சொல்லாமல் அன்பாகச் சொல்லுங்கள்.

கொடுக்கும்போது பெரிய பெட்டி, ரிப்பன், கலர் பேப்பர் வேண்டாம். ஒரு சின்னத் துணிப்பையில் போட்டுக் கையில் கொடுங்கள். மிச்சமான பத்து மணியையும் ஒரு பொட்டலமாகக் கூடவே வைத்துவிடுங்கள். "இது எதுக்கு?" என்பார். "அறுந்தா திரும்பக் கோக்கறதுக்கு" என்று சொல்லுங்கள். இதைவிட நீண்ட காலத் திட்டம் எந்தக் காதலனும் சமர்ப்பித்ததில்லை.

அடுத்த கேள்வி நிச்சயம் வரும்.

"நல்லாருக்கே... எவ்வளவு ஆச்சு?"

அவசரப்பட்டு நூற்றைம்பது என்று உளறிவிடாதீர்கள். நிதானமாக ஒரு பதில் கேள்வி போடுங்கள்:

"கூலி சேர்த்தா, சேர்க்காமலா?"